எல்லையைக் கடப்பவையும் கடவாதவையும்: ஓர் ஆண்டிறுதிக் கதம்பம்



பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் வழியில் நான் வழக்கமாக அமரும் தேநீர்க்கடையில் இரண்டு நாளிதழ்கள் கிடக்கும். ஒன்று தமிழ், மற்றொன்று மலையாளம். இன்று 2024 டிசம்பர் 31. இரண்டிலும் 'கடந்துபோன ஆண்டு' என்ற கதம்பப் பக்கம் வந்திருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது, ஒரே நிலத்தில் இரண்டு ஆண்டுகள் நடந்து முடிந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. எல்லைச் சிற்றூர்களில் வாழ்வோர்க்கு வாய்த்தது மூன்றாவது ஓர் ஆண்டு. அதை எந்தப் பக்கமும் தொகுப்பதில்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் நிறைக்கும் முயற்சியே இப்பதிவு.

முதலில் செய்திகள். நேற்று கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடிச் சிலைக்கு நாளையோடு 25 ஆண்டு நிறைகிறது. இம்மாதம் 12-ஆம் நாள் வைக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகத்தை இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்து வைத்தனர். 1924-இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தின் நூற்றாண்டு நிறைவு அது. தமிழ் நாளிதழ் இவ்விரு செய்திகளையும் தனித்தனியே வெளியிட்டிருந்தது. அவற்றை இணைக்கும் கண்ணி நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருக்கிறது. நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888 சிவராத்திரியன்று ஸ்ரீநாராயண குரு சிவலிங்கத்தை நிறுவினார். வைக்கத்துக்கு முப்பத்தாறு ஆண்டுகள் முன்னரே, யார் கருவறையைத் தொடலாம் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை அது. அதே குரு குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் தவமிருந்தவர். தமிழில் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். வள்ளுவர் சிலைக்கான விழாவிலும் வைக்கம் விழாவிலும் ஒருசேர நினைக்கப்பட வேண்டிய பெயர் அது.

மலையாள நாளிதழ் ஒரு வாரமாகவே துயரில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் எம். டி. வாசுதேவன் நாயர் மறைந்தார். அவருக்கு ஒரு வாரம் முன்னர் அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதுகளில் தமிழுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியும் மலையாளத்துக்கு கே. ஜெயகுமாரும் தேர்வாகியிருந்தனர். இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே மேசையில் வைத்துப் பேசக்கூடிய வாசகர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர் உண்டு. அவர்களை வாசகர் என்று எந்த மொழியின் இலக்கிய வரலாறும் கணக்கில் எடுப்பதில்லை. குளச்சல் மு. யூசுப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் குமரி மண்ணிலிருந்து வருவது தற்செயல் அன்று. இரு மொழியையும் தெருவிலேயே கற்றுவிடும் மண் இது.

இனிக் கசப்பான செய்திகள். இம்மாத நடுவில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் ஊர்களில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தபின், கேரள அதிகாரிகளே லாரிகளுடன் வந்து அள்ளிச் சென்றனர். தமிழ்நாட்டில் எழுந்த சினம் நியாயமானது. ஆனால் எதிர்த்திசைப் போக்குவரத்தையும் நாம் பார்க்க வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகம் டிசம்பர் 3 முதல் வணிகச் செயற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. கடலில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளும் அதன் அலைத்தடுப்புச் சுவருக்காகக் குமரி மாவட்டத்து மலைகள் உடைக்கப்பட்டு, பாரம் மிகுந்த லாரிகளில் எங்கள் ஊர்கள் வழியே சென்றன. வடக்கே கல் போயிற்று. கிழக்கே கழிவு போயிற்று. இரண்டையும் தூக்கிச் சென்ற சாலையோரத்தில் வாழ்வோர்க்குக் கிடைத்தவை புழுதியும் விபத்து அச்சமும்.

கடவாத ஒன்றும் உண்டு; அது நீர். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு பூவாற்றில் கடலடைகிறது. அதன் அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்துக்குப் பாய்ந்தது. சுமார் 9,200 ஏக்கர் அதன் பாசனப் பரப்பு. இரு பகுதிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த காலத்தில் தொடங்கிய திட்டம் அது. 2004-இல் நீர் நின்றது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையேயான ஆறு அன்று என்பது கேரளத்தின் வாதம். 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. இந்த ஆண்டோடு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நீரின்றிப் போன வயல்களில் ரப்பரும் வாழையும் மனைக்கற்களும் எழுந்துவிட்டன. வழக்கு வென்று நீர் திரும்பும் நாளில், அது பாய்வதற்கு வயல் இருக்குமா என்பதே என் கவலை. இருபதாம் ஆண்டு நிறைவு என்று இதை எந்த நாளிதழும் நினைவுகூரவில்லை.

கசப்பிலிருந்து சற்று இளைப்பாற, இயற்கைக்கு வருவோம். இந்த மார்கழி மாலைகளில் மேற்கே வெள்ளியும் கிழக்கே வியாழனும் ஒரே நேரத்தில் ஒளிர்கின்றன. இம்மாதம் 7-ஆம் நாள் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்ததால் இரவு முழுவதும் அதைக் காண முடிந்தது. வெள்ளாயணி ஏரியையொட்டிய புஞ்சக்கரி வயல்களிலும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர்க் குளங்களிலும் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கின்றன. ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். இரு மாநிலங்களும் தனித்தனியே எண்ணும். புஞ்சக்கரியில் காலையில் எண்ணப்பட்ட நீலச்சிறகி மாலையில் தேரூரில் மறுபடி எண்ணப்பட்டதா என்று கேட்க யாருமில்லை.

மரங்களிலும் ஒரு விந்தை உண்டு. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை, கேரளத்தின் மாநில மரம் தென்னை. எங்கள் வேலிக்குள் இரண்டும் அருகருகே நிற்கின்றன. மாநிலக் கனி மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: பலா. கேரளம் 2018-இல்தான் அதை அறிவித்தது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்திலுள்ள 'அம்மச்சிப் பிலாவு', பகைவருக்குத் தப்பிய மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலா மரம். 'சக்கை' என்று நாங்கள் அழைக்கும் அந்தக் கனிக்கு இரு அரசுகளும் ஒத்துக்கொண்டிருப்பது எங்கள் பகுதிக்கு ஒரு சிறிய ஆறுதல்.

இன்னும் சில விந்தைகள். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் செல்கின்றனர். களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து நின்று வழியனுப்பி வரவேற்கின்றனர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் பாலராமபுரத்தில் 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிச் சேலைகளை நெய்தவர்கள், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ்ச் சாலியர். கேரளத்தின் அடையாளமாக ஓணத்தன்று உடுத்தப்படும் கசவுப் புடவையில் தமிழ் விரல்களின் பதிவு இருக்கிறது. இன்னொரு வியப்பு: கொல்லம் ஆண்டு 1200 கடந்த ஆகஸ்டில் பிறந்தது, குமரி மாவட்டத்துப் பழைய நிலப் பத்திரங்களிலும் அந்த ஆண்டுக்கணக்கையே காணலாம். ஆங்கிலம், சித்திரை, சிங்ஙம் என மூன்று புத்தாண்டுகளை வாழ்த்தும் வாய்ப்பு எங்களுக்கு உண்டு.

விழாவைப் பற்றிச் சொல்லாமல் ஆண்டிறுதி நிறைவுறாது. ஒரு வாரமாக இப்பகுதித் தெருக்களில் நட்சத்திர விளக்குகள் தொங்குகின்றன. குடில்கள் இன்னும் கலைக்கப்படவில்லை. மலையாளப் பாடல் பாதியில் தமிழாக மாறினாலும் கேரல் குழுவினருக்கு அடி பிசகுவதில்லை. அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் வேலி தாண்டிப் போய்வருகின்றன. சபரிமலைக்குச் சென்று குமரிக்கடலாட வரும் கறுப்புடைக் கூட்டம் அதே சாலையில் செல்கிறது. இந்த மகிழ்ச்சி இயல்பாக வாய்த்ததன்று. 1858-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இதே ஊர்களில் தோள்சீலை அணிந்ததற்காகப் பெண்கள் தாக்கப்பட்டனர். ஆலயங்களும் வீடுகளும் தீக்கிரையாயின. 1859 ஜூலை 26 அரசாணை வரும்வரை அமைதி திரும்பவில்லை. அவர்களுடைய கொள்ளுப்பேத்திகள் புத்தாடை உடுத்திப் பாடிச் செல்வதைக் காணும்போது, ஒரு விழாவின் பின்னே எத்தனை ஆண்டுப் போராட்டம் கிடக்கிறது என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

இவற்றைத் தொகுத்தபின் எனக்குத் தோன்றும் கருத்து இதுதான். எல்லை என்பது சுவரன்று, சல்லடை. அது எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்பதே கேள்வி. இலாபம் தருவதும் யாருக்கும் வேண்டாததும் அதன் வழியே எளிதாகச் செல்கின்றன. பகிர்ந்துகொள்ள வேண்டிய நீரும் மொழியும் அறிவும் நின்றுவிடுகின்றன. 2006-இல் தமிழ்நாடும் 2017-இல் கேரளமும் தத்தம் மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றின. இரண்டின் நோக்கத்தையும் நான் மதிக்கிறேன். ஆயினும் இரு மொழியையும் வீட்டிலிருந்தே கொண்டுவரும் எல்லைக் குழந்தைக்கு, அவ்விரண்டில் ஒன்றைச் சுமையாக்காமல் இரண்டையும் எழுத்தறிவாக்கும் வழி எந்தச் சட்டத்திலும் தெளிவாக இல்லை.

எல்லையே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தோரின் நினைவை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. 1956 நவம்பர் 1 அன்று வரையப்பட்ட கோடு, தம் மொழியில் ஆளப்பட வேண்டும் என்ற மக்கள் விருப்பத்தின் விளைவு. கோடு இருக்கட்டும்; அதன் இருபுறமும் உள்ள அறிவு நிறுவனங்கள் ஏன் முதுகைக் காட்டி அமர வேண்டும்?

திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகம் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரைத் தாங்கியது. அவர் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்து, திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர். கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே பேருந்தில் சில மணி நேரப் பயணமே. இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து மூன்று சிறிய பணிகளைத் தொடங்கலாம்: எல்லை ஊர்களின் வழக்குச் சொற்களை ஒலிப்பதிவோடு தொகுத்தல், இடதுகரைக் கால்வாயின் இன்றைய நிலையை மடைக்கு மடை நடந்து பதிவுசெய்தல், ஜனவரிப் பறவைக் கணக்கெடுப்பை ஒரே நாளில் ஒரே படிவத்தில் நடத்துதல். இவற்றுக்கு மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் தேவையில்லை. இரு துறைத்தலைவர்களின் ஒப்புதலும் இருபது மாணவர்களின் கால்களும் போதும்.

இன்று காலை அதே தேநீர்க்கடையில், முன்னாளில் நெல் பயிரிட்ட பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த நாளிதழைப் பார்த்து, "மக்ளே, கால்வாய்ல வெள்ளம் வரும்னு ஏதாவது போட்டிருக்கா?" என்று கேட்டார். பொதுத்தமிழில் 'வெள்ளம்' என்றால் பெருக்கு. எங்கள் வழக்கில் அது வெறும் நீர். அவர் கேட்டது பெருக்கையன்று, ஒரு வாய்க்கால் அளவு நீரை. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அடுத்த வருஷம் பாப்போம் அப்பச்சி" என்றேன். அடுத்த ஆண்டிறுதியில் இந்தக் கதம்பத்தை எழுதும்போது, அவருக்குச் சொல்ல ஒரு வரியேனும் இருக்க வேண்டும்.

அனைவருக்கும் 2025 புத்தாண்டு வாழ்த்துகள்.