போனுக்கு ஹராம், புரோக்கருக்கு ஹலாலா?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படுகிறவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. இளைய மகள் ஓ.எல் எழுத வேண்டிய பிள்ளை. பேஸ்புக்கில் அறிமுகமான ஒரு பையனோடு மெசெஞ்சரில் பேசியிருக்கிறாள். உம்மா கண்டுவிட்டா. வாப்பா போனை உடைத்தார், மறுநாளே படிப்பை நிறுத்தினார். "மானம் போச்சு சேர்" என்றார் என்னிடம்.

அதே வீட்டில் மூத்த மகளுக்கும் மாப்பிள்ளை பேசினார்கள். மாப்பிள்ளை கட்டாரில். கல்யாண வட்ஸ்அப் குரூப் ஒன்றில் புரோக்கர் பிடித்துத் தந்த சம்பந்தம். மகளின் மூன்று போட்டோ கடல் தாண்டிப் போனது. அந்த ரூமில் எத்தனை பேர் பார்த்தார்களோ, எத்தனை போனில் இன்னும் கிடக்கிறதோ, யாருக்கும் தெரியாது. பத்து நிமிட வீடியோ கோல். பொண்ணு பார்த்தாச்சு, சீதனமும் பேசியாச்சு. இதில் யாருடைய மானமும் போகவில்லை!

இரண்டும் ஒன்லைன்தான். இரண்டிலும் முகம் தெரியாத ஓர் ஆண்தான். அப்படியானால் நமக்குப் பிரச்சினை போனா, இல்லை பிள்ளை தானாக வாய் திறந்ததா?

"சேர் காதலுக்கு வக்காலத்து வாங்குகிறார்" என்று நாளைக்குக் கடையடியில் பேசுவீர்கள். இல்லை. படிக்கிற வயதுப் பிள்ளை யாரென்றே தெரியாதவனோடு இரவில் பேசுவது பிழை, ஆபத்து. அதை நான் வகுப்பிலேயே சொல்கிறேன். ஆனால் பெரியவர்கள் செய்வது மட்டும் எப்படிச் சரியானது?

முன்பு ஆலங்குடாவிலோ கண்டக்குளியிலோ மாப்பிள்ளை என்றால், நாலு பேர் போய் விசாரிப்பார்கள். தோணிக்காரரிடம் கேட்பார்கள், பள்ளியில் கேட்பார்கள். தொழுகிறானா, கடன்காரனா, கை நீட்டுகிறவனா என்று தெரிந்துவிடும். இப்போது பயோடேட்டாவில் நிறமும் உயரமும் சம்பளமும் இருக்கின்றன. குணத்துக்கு அதில் இடமே இல்லை. பழைய விசாரிப்பை நாம்தான் கைவிட்டோம். பிள்ளைகளை மட்டும் ஏன் ஏசுகிறோம்?

லண்டனில் தொடங்கிய 'முஸ்மெட்ச்' என்ற செயலி இப்போது 'முஸ்' என்ற பெயரில் இயங்குகிறது. பெண் விரும்பினால் பேசுவதன் பிரதி அவளுடைய வலீக்கும் போகும்படி அதில் வசதி வைத்திருக்கிறார்கள். நான் அதை விளம்பரப்படுத்தவில்லை. ஒரு செயலிக்குத் தோன்றிய பாதுகாப்பு நம் கல்யாண குரூப்களுக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் கேட்கிறேன்.

மார்க்கத்தைப் பேசுவோமா? கதீஜா நாயகி (ரலி) அவர்கள் நபியவர்களின் எண்ணத்தை அறியத் தாமே ஆள் அனுப்பினார்கள். தன் விருப்பமில்லாமல் வாப்பா கட்டிவைத்தார் என்று கன்ஸா (ரலி) முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். புகாரியில் இருக்கிறது. நம் நாட்டிலோ 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நிக்காஹ் பதிவில் மணமகளின் ஒப்பத்தைக் கேட்கவில்லை. மணமகன் ஒப்பமிடுகிறார், வலீ ஒப்பமிடுகிறார். வாழப்போகிறவள் அறைக்குள் இருக்கிறாள். சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வர 2018 ஆனது.

வீட்டில் கேட்கப்படாத பிள்ளை, கேட்கிற ஒருவன் போனில் கிடைத்ததும் நம்பிவிடுகிறாள். அவன் நல்லவனாக இல்லாவிட்டால் போட்டோவை வைத்து மிரட்டுகிறான். அவனுடைய ஆயுதம் அந்தப் போட்டோ அல்ல. "வாப்பாட்ட சொல்லுவன்" என்ற ஒரே வசனம்தான். வாப்பாவிடம் சொன்னால் வாப்பா காப்பாற்றுவார் என்று பிள்ளை நம்பினால், அவனுடைய ஆயுதம் அன்றே செத்துவிடும். போனை உடைக்கிற ஒவ்வொரு வாப்பாவும் அந்த மிரட்டல்காரனுக்குத்தான் உதவி செய்கிறார்.

வாப்பாமாரே, மூன்று விடயம் செய்யுங்கள். மகளின் போட்டோவைக் குரூப்பில் போடுவதை நிறுத்துங்கள். மாப்பிள்ளையைப் பற்றி ஆள்விட்டு விசாரியுங்கள். மகளிடம் தனியாக, பயமில்லாமல் "உனக்கு விருப்பமா?" என்று கேளுங்கள். அவள் "இல்லை" என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

யாராவது மிரட்டினால் மறைக்காதீர்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938.

அந்த இளைய மகளின் கதிரை இன்னும் என் வகுப்பில் காலியாகத்தான் இருக்கிறது. அவளுடைய வாப்பா இதை வாசிப்பார் என்று தெரியும். நானா, பிள்ளையை அனுப்புங்கள். ஓ.எல்லுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.