ஒரு நாளைக்குப் பத்து வேர்ட்ஸ், ஒரு கேள்விகூட இல்லை

காலையில் ஃபோனைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது பத்துச் சொற்கள். யுபிக்விட்டஸ்: எங்கும் நிறைந்த. பிளெத்தோரா: மிகுதி. மிட்டிகேட்: தணித்தல். எஃபெமரல்: நிலையற்ற. எங்களில் அநேகமாக எல்லாரும் இப்படி ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலாவது இருக்கிறோம். ஒருகொடவத்தையில் பஸ் ஏறி கெம்பஸில் இறங்குவதற்குள் பத்தும் பாடம். பின்னேரம் திரும்பி வரும்போது ஐந்து மறந்திருக்கும். அடுத்த நாள் இன்னும் பத்து. 'அட்வான்ஸ்ட் வொகபியுலரி' என்று தலைப்புப் போட்டு, நடுவில் கோடு கிழித்த சீ.ஆர். கொப்பி எங்களிடம் இன்னமும் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கொப்பிக்கு எதிரானது. ஆங்கிலத்துக்கு எதிரானது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எங்களுக்கு இந்தக் கோபம் வந்த கதை இது. ஒருமுறை எங்கள் வகுப்பில் கொழும்பின் வீடமைப்பைப் பற்றி ஒரு விருந்தினர் விரிவுரை நடந்தது. முழுக்க ஆங்கிலம். ஸ்லைடுக்கு ஸ்லைடு 'அன்டர்சர்வ்ட் செட்டில்மென்ட்ஸ்' என்று வந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்து வத்தைகளைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. கடைசியில் கேள்வி நேரம். எங்களில் ஒருத்தன் 'பிளெத்தோரா' என்ற சொல்லை எப்படியோ நுழைத்து ஒரு கேள்வி கேட்டான். விரிவுரையாளர் சிரித்துத் தலையாட்டினார். அவன் என்ன கேட்டான் என்பது இன்றைக்கு எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, அவனுக்கும் இல்லை.

எங்கள் தோழி ஒருத்தி கையைத் தூக்கவே இல்லை. அவளுடைய குடும்பமே அப்படி ஒரு வத்தையிலிருந்து மாடி வீட்டுக்கு மாற்றப்பட்டது. வெளியே வந்து, கென்டீனில் பிளேன்டீயை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அங்க இருந்த ஆக்கள்ட்ட முதல்ல யாராவது கேட்டாங்களா? பிள்ளைகள் பிறகு எந்த ஸ்கூலுக்குப் போனாங்க? இதைத்தான் கேக்க இருந்தன். என்ட இங்கிலீஷ் அந்தளவுக்கு இல்லையே. நல்ல ஒரு வேர்ட் தேடிக்கொண்டிருந்தன், அதுக்குள்ள முடிஞ்சிட்டுது."

அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். அதைக் கேட்க என்ன சொற்கள் வேணும்? யார், கேள், மக்கள், வீடு, பிள்ளை, பாடசாலை, முன்பு, பிறகு. தரம் 3இலிருந்து பாடப் புத்தகத்தில் வருகிற சொற்கள். அவள் இந்தச் சொற்களைத் தெரியாமல் வாய்மூடி இருக்கவில்லை. இந்தச் சொற்கள் போதாது என்று அவளை யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். அந்த யாரோவில் நாங்களும் இருக்கிறோம், தினமும் பத்துச் சொல்லை ஃபோர்வர்ட் பண்ணுகிற நாங்கள்.

நம்பிக்கையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் பல வருஷம் வேலைசெய்த மைக்கல் வெஸ்ட் என்பவர் 1953இல் ஆங்கிலத்தின் பொதுச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். ஏறக்குறைய 2,000 சொற்கள்தான். 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்ஹெட், 35 இலட்சம் சொற்கள் கொண்ட பல்கலைக்கழக மட்ட நூல்களையும் கட்டுரைகளையும் தொகுத்து ஆராய்ந்தார். அவற்றில் வரும் சொற்களில் முக்கால் பங்குக்கு மேல் வெஸ்டின் அந்தப் பொதுப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிட்டன. மிச்சத்தில் கல்விக்கென்று அடிக்கடி வருபவற்றை எடுத்து 570 சொற்குடும்பங்களாக அடுக்கினார். அவை இன்னொரு 10 சதவீதம். அந்த 570இல் இருப்பவை எவை? எவிடன்ஸ், கொன்டெக்ஸ்ட், அஸ்யூம், இன்டர்பிரெட், பொலிசி. யுபிக்விட்டஸ் அதில் இல்லை. பிளெத்தோராவும் இல்லை. எங்கள் ரீடிங்ஸ் விளங்காமல் போவது அபூர்வச் சொற்களால் இல்லை. 'அஸ்யூம்' என்று எழுதியவர் எதை நிரூபிக்காமல் தாண்டிப் போகிறார் என்று பிடிக்கத் தெரியாததால்தான் விளங்காமல் போகிறது.

இந்த நீளப் பட்டியல்களுக்கு ஒரு காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. அமெரிக்கப் பரீட்சைகள் அவற்றைக் கேட்டன. ஜீ.ஆர்.ஈ. பரீட்சையே 2011இல் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளைத் தூக்கிவிட்டு, வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லைக் கேட்கத் தொடங்கியது. 2016இல் எஸ்.ஏ.டி. பரீட்சையும் புழக்கத்தில் இல்லாத சொற்களைக் கைவிட்டது. அவர்கள் கழித்துவிட்ட சரக்கு இன்னமும் இங்கே 'மூன்றே மாதத்தில் சரளம்' என்ற போஸ்டருக்குக் கீழே காசுக்கு விற்கிறது. நாங்களும் வரிசையில் நின்று வாங்குகிறோம்.

2017 மே மாதம் சசி தரூர் ஒரு ட்வீட்டில் 'ஃபராகோ' என்று எழுதினதும் எல்லாரும் அகராதிக்கு ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனமாம். சொல் நினைவில் நிற்கிறது. அவர் எதை மறுத்து அதை எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். அலங்காரச் சொல் செய்கிற வேலை பல நேரம் இதுதான், பேசின விஷயத்தை விழுங்கிவிட்டுத் தான் மட்டும் நிற்பது.

எங்கள் கொப்பியின் வலது பக்கத்தையும் பார்க்க வேணும், தமிழ்ப் பொருள் எழுதுகிற பக்கத்தை. 'செரெண்டிபிட்டி: எதிர்பாராத நற்பேறு.' இப்படித்தான் நாங்கள் எழுதினோம். 1754இல் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல் அது. செரெண்டிப் என்ற பழைய பெயரிலிருந்து எடுத்தது. செரெண்டிப் என்றால் இந்தத் தீவு. எங்கள் ஊர்ப் பெயரையே எங்களுக்கு அட்வான்ஸ்ட் வேர்ட் என்று விற்றிருக்கிறார்கள்.

இது சிரிக்கிற கதை. அடுத்தது சிரிக்கிற கதை இல்லை. அதே கொப்பியில் இன்னொரு வரி: 'பறையா: ஒதுக்கப்பட்டவர்.' அந்தப் பட்டியலைப் பாடமாக்கின அன்று எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அது தமிழ்ச் சொல். பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்த ஒரு சாதியின் பெயர். காலனிக்காரர் அதை எடுத்துக்கொண்டு போய், ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையே 'விலக்கி வைக்கப்பட்டவன்' என்பதற்குப் பொதுச் சொல்லாக்கினார்கள். அப்படி விலக்கி வைத்தது யார்? எங்கள் சமூகம்தான். அந்தக் கேள்விக்குப் பட்டியலில் இடமில்லை. இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள், பரீட்சைக்குச் சரி. தமிழ்ப் பிள்ளை ஒன்று தன் ஊர்ச் சாதிக் கொடுமையை ஆங்கிலச் சொல்லாகப் பாடமாக்கி, ஒன்றும் உறைக்காமல் அடுத்த சொல்லுக்குப் போகிறது. சொல்லை அதன் கதையிலிருந்து வெட்டி எடுத்துப் படித்தால் இப்படித்தான் நடக்கும்.

பிறகு எப்படித்தான் சொல் படிப்பது? அதற்கு ஒருகொடவத்தையை விட்டு எங்கேயும் போகத் தேவையில்லை. சுங்கத்தின் கொள்கலன் முற்றங்கள் இங்கேதான். லொறியில் ஏறுகிற அண்ணாமாரிடம் 'டெமரேஜ்' என்றால் என்ன என்று கேளுங்கள். குறித்த நாளுக்குள் பெட்டியை எடுக்காவிட்டால் நாளுக்கு நாள் ஏறும் காசு, யார் கட்டுவது, யார் யாரில் பழி போடுவார்கள், எல்லாம் சொல்வார்கள். 'கன்சைனி' தெரியும், 'மெனிஃபெஸ்ட்' தெரியும். ஓ.எல். இங்கிலீஷில் பெயிலான ஆக்களும் அதில் இருக்கிறார்கள். எந்த டியூஷன் மாஸ்டரும் அவர்களுக்கு லிஸ்ட் கொடுக்கவில்லை. சொல் தெரியாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும், அதனால் தெரியும். தேவையோடும் ஆட்களோடும் வந்த சொல் வாயில் தங்கும்.

இதே பக்கத்தில்தான் மீதொட்டமுல்லையும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்கு முதலே அந்த மக்கள் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 'மிட்டிகேட்: தணித்தல்' என்று கொப்பியில் எழுதின நாங்கள் அந்தச் சொல்லைக் கேள்வியாகத் திருப்பிப் பார்த்ததே இல்லை. எதைத் தணிக்கப் போறீங்க, யார் தணிக்கிறது, எப்ப? 'அன்டர்சர்வ்ட்' என்றால் சேவை குறைந்த என்று பொருள் எழுதலாம். குறைத்தது யார் என்பதை அந்தச் சொல் சொல்லாது. 'ரிலொகேட்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் விருப்பத்தோடு போனார்கள், எத்தனை பேர் வேறு வழி இல்லாமல் போனார்கள் என்பது தெரியாது. இப்படிச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதைப் பிடிக்கத் தெரிவதைத்தான் நாங்கள் உயர்ந்த ஆங்கில அறிவு என்போம்.

"இதெல்லாம் பேச நல்லா இருக்கும், இன்டர்வியூவில இங்கிலீஷ் இல்லாட்டி வேலை தருவாங்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தரமாட்டார்கள். இந்த நாட்டின் கெம்பஸ்களில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் 'கடுவ' என்று பெயர், வாள் என்று அர்த்தம். அந்த வாளின் வெட்டு எங்களுக்கும் தெரியும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகும் அது போகவில்லை, வசதியானவர்களின் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது. 1987இல் 13ஆம் திருத்தத்தில் அதற்கு இணைப்பு மொழி என்று பெயர் வைத்தார்கள். இணைக்கிற மொழியை எல்லாருக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. ஏ.எல்.இல் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதன் பெறுபேறு இசட் புள்ளியில் சேராது, அதனால் பல பாடசாலைகளில் அந்தப் பாடவேளை வெறும் பாடவேளை. பிறகு கலைப்பீடத்துக்கு வந்ததும் ரீடிங்ஸ் ஆங்கிலத்தில். அந்தப் பள்ளத்தை நாங்கள் தனித்தனியாக, பஸ்ஸில், பத்துப் பத்துச் சொல்லாகப் போட்டு நிரப்பப் பார்க்கிறோம்.

"இங்கிலீஷே வேணாம், தமிழ் போதும்" என்கிறவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்கிற சிலரின் பிள்ளைகள் இன்டர்நேஷனல் ஸ்கூலில் படிப்பதை நாங்கள் வெள்ளவத்தையிலேயே பார்க்கிறோம். தமிழையும் சேர்த்துத்தான் நாங்கள் தொலைக்கிறோம். 'எஃபெமரல்: நிலையற்ற' என்று எழுதினோமே, 'நிலையற்ற' என்ற சொல்லை வைத்து நாங்கள் கடைசியாக எப்போது ஒரு வாக்கியம் எழுதினோம்? 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் அவருக்கு வகுப்புக்கும் வைத்தியத்துக்கும் தேவைப்பட்டது. எங்களுக்கு ஸ்டேட்டஸ் போடத் தேவைப்படுகிறது.

ஆகவே நாங்கள் சிலர் அந்தக் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டோம். கிழமைக்கு ஒரு நாள் ஒரு உண்மையான தாளை எடுத்து உட்காருகிறோம். வீட்டுக்கு வந்த கடிதம், வேலை விளம்பரம், ஒரு ரீடிங்கின் இரண்டு பக்கம், எதுவானாலும் சரி. தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் பொருளை மட்டும் எழுதாமல், இதை யார், யாருக்குச் சொல்கிறார்கள் என்றும் எழுதுகிறோம். பிறகு ஒவ்வொருத்தரும் சின்னச் சொற்களால் ஒரு கேள்வி, ஆங்கிலத்தில். பிழையாக வந்தாலும் சிரிக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டு தடவை சிரித்தோம், மன்னிப்பும் கேட்டோம்.

விரிவுரையாளர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கேள்வி நேரத்தில் "தமிழிலோ சிங்களத்திலோ கேட்கலாம்" என்று ஒரு வசனம் சொல்லுங்கள். மொழிபெயர்க்க அந்த அறையிலேயே ஆள் இருக்கும். செலவு ஒன்றும் இல்லை.

தோழி தன் கேள்வியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள், ஆங்கிலத்தில், இரண்டு வரி. அதில் பட்டியல் சொல் ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை யாராவது ஸ்லைடோடு வந்தால் முதல் கை அவளுடையது. அவள் தயங்கினால் நாங்கள் பக்கத்தில் இருந்து தள்ளுவோம்.