சாலை, மின்சாரம், நெட்வொர்க்

திருமுல்லைவாயில் சிட்கோ மகளிர் தொழிற்பேட்டையிலோ சிடிஎச் சாலையை ஒட்டிய தெருக்களிலோ இயங்கும் ஒரு நடுத்தரப் பட்டறையின் கணினி நெட்வொர்க்கை யாரும் திட்டம் போட்டுக் கட்டியதில்லை. அது தானாகச் சேர்ந்தது. முதலில் டேலிக்காக ஒரு கணினி. ஜிஎஸ்டி வந்ததும் கணக்குப் பார்ப்பவருக்கு இன்னொன்று. டிசைனுக்கு ஆள் எடுத்தபோது மூன்றாவது. பிறகு சிசிடிவி, கைரேகை வருகைப் பதிவு, பார்கோடு பிரிண்டர், சிஎன்சி லேத். ஒவ்வொன்றும் வந்த அன்று எந்த போர்ட் காலியாக இருந்ததோ அதில் ஒயர் செருகப்பட்டது. போர்ட் தீர்ந்தால் இன்னொரு 8 போர்ட் ஸ்விட்ச். ஆபீஸ் பீரோவின் மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில், கிரைண்டிங் தூசி படிந்து பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியை மின்விசிறிக்கு பிளக் வேண்டும் என்று யாராவது பிடுங்கிவிட்டால் போதும்: பில் போட முடியாது, இ-வே பில் எடுக்க முடியாது, சரக்கு ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும்.

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில் கார், லாரி உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் ஏராளம். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்துதரும் பட்டறைகளும் உண்டு. இவற்றின் நெட்வொர்க் முதலாளியின் சொந்தத் தலைவலி என்றுதான் இதுவரை எல்லோரும் ஒதுங்கியிருக்கிறார்கள். இது தவறு. பாகத்தை வாங்கும் பெரிய நிறுவனமும், தொழிற்பேட்டையை அமைத்த சிட்கோவும் சாலைக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்கும் இடத்தை நெட்வொர்க்குக்கும் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை வரைபடம். அது ஒரு ஏ4 தாளில் அடங்கிவிடும்: எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது, எந்த ஒயர் எந்த போர்ட்டுக்குப் போகிறது, இணைப்பு எங்கிருந்து உள்ளே வருகிறது. வரைபடம் இல்லாத இடத்தில் நடக்கும் விபத்து ஒன்று சர்வசாதாரணம். தரையில் கிடக்கும் ஒயரின் நுனியைப் பார்த்து, கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று நல்ல மனதோடு ஒருவர் ஸ்விட்சில் செருகுவார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில் இருக்கும். தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கும் மூச்சுத் திணறும். மெக்கானிக் வந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்ப்பதற்குள் ஒரு ஷிஃப்ட் போய்விடும். இரு முனையிலும் ஒரே எண் ஒட்டியிருந்தால் இது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது கேபிள். கணினி ஐந்தாறு ஆண்டில் மாறும். சுவருக்குள் போன கேபிள் பதினைந்து ஆண்டு கிடக்கும். ஆனால் செலவைக் குறைக்க எல்லோரும் கை வைப்பது கேபிளில்தான். 305 மீட்டர் பெட்டியாக வரும் கேட் 6 கேபிள் ரிச்சி தெருவில் இரண்டு விலையில் கிடைக்கும். விலை குறைந்ததில் இருப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஒயரின் மேல்தோலை உரித்து பிளேடால் ஒரு சுரண்டு சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவு புலப்படும். தரவோடு மின்சாரத்தையும் அதே ஒயரில் வாங்கும் சிசிடிவி கேமராக்களை இதில் மாட்டினால் தூரம் கூடக்கூட மின்னழுத்தம் இறங்கும், ஒயர் சூடாகும். முழுச் செம்பானாலும் 100 மீட்டர்தான் எல்லை. வெல்டிங், இண்டக்‌ஷன் ஃபர்னஸ், மோட்டார் டிரைவ் உள்ள இடத்தில் மின்சார ஒயரும் தரவு ஒயரும் ஒரே பைப்பில் போகக் கூடாது. ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குப் போவதென்றால் செம்பை விட்டுவிட்டு ஃபைபர் போடுவதே சரி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே இடி இறங்கினால் ஒரு பக்கத்துச் சேதம் மறுபக்கம் தாவாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2015 வெள்ளத்தை மறந்தவர்களுக்கும் அது நினைவூட்டியிருக்கும். சர்வரும் யுபிஎஸ்ஸும் தரையில் இருக்கலாமா என்ற கேள்வி இந்த ஊரில் இனிமேலும் எழக் கூடாது.

இனி, விஷயத்தின் நடு முடிச்சுக்கு வரலாம். அது ஃபயர்வாலின் விலையில் இல்லை, பிரிவினையில் இருக்கிறது. ஆபீஸ் கணினி, இயந்திரங்கள், கேமராக்கள், வருகிறவர்களுக்கான வைஃபை ஆகிய நான்கும் ஒரே தெருவில் குடியிருந்தால், ஒரு வீட்டுப் பூட்டு உடைந்ததும் நான்கு வீடும் திறந்துவிடும். விஎல்ஏஎன் வசதியுள்ள ஒரு சிறிய ஸ்விட்ச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. ஒரே கேபிளில் நான்கு தனித்தனி நெட்வொர்க்குகளை ஓட்டி, எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதை ரூட்டரிலோ ஃபயர்வாலிலோ தீர்மானித்துக்கொள்ளலாம்.

பிரித்திருந்ததால் தப்பிய கதையும், பிரிக்காததால் மாட்டிய கதையும் நாட்டிலேயே உண்டு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. இணையத்தோடு சேர்ந்திருந்த நிர்வாகப் பிரிவுக் கணினி அது. உலையை இயக்கும் உள் நெட்வொர்க் தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றது கழகம். நிர்வாகப் பக்கம் உள்ளே வரவிட்டதே பெரிய குறைதான் என்றாலும், பாதிப்பு ஒரு பக்கத்தோடு நின்றதற்குக் காரணம் அந்தச் சுவர். 2022 நவம்பர் 23 அன்று தாக்கப்பட்ட டெல்லி எய்ம்ஸில் அப்படிச் சுவர் இல்லை. ஐந்து சர்வர்கள் முடங்கின; சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் பேனாவும் காகிதமுமாக ஓடியது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது.

பட்டறையில் இந்தப் பிரிவினைக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் பழைய இயந்திரம். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஓடிய மெஷினிங் சென்டரோடு வந்த கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது. இயந்திரம் நன்றாக ஓடுகிறது, இன்னும் பத்தாண்டு ஓடும். அதை மாற்று என்று சொல்பவர் அதன் விலை தெரியாதவர். ஆனால் அதற்கு புரோகிராம் அனுப்ப வேண்டுமே என்று ஆபீஸ் சர்வரிலும் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையைத் திறந்து வைத்திருப்பார்கள். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வானாகிரை என்ற பூட்டு நிரல் (ரான்சம்வேர்) நுழைந்த வாசல் இதுதான். அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 59 நாள் முன்னதாக, மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இதற்கு வழி எளிது: இயந்திரப் பக்கத்தில் ஒரு சிறிய கணினியை நடுவில் வைத்து, ஆபீஸிலிருந்து அதற்கு மட்டும் கோப்பு போகட்டும், அங்கிருந்து இயந்திரத்துக்குப் போகட்டும். பழையது பழைய தெருவிலேயே இருக்கும்.

புது இயந்திரம் என்றால் ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகள் நின்றது வானாகிரையின் ஒரு வகையால்தான். புதிதாக வந்த கருவியைச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் சேர்த்ததே காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே அது நடந்தது என்றால், இன்ஸ்டலேஷனுக்கு வரும் இன்ஜினியரின் பெண்டிரைவை யோசிக்காமல் செருகும் பட்டறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புதுப்பிப்பதில் வரிசை முக்கியம். ஆபீஸ் கணினிகளைப் பொறுத்தவரை கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இருந்தும் பணம் கிடைத்தால் முதலில் மாறுவது முதலாளி மேசைக் கணினி. கடைசியில் மாறுவது, பல நேரம் மாறாமலே போவது, வெளி உலகத்தை நேரே பார்த்துக்கொண்டிருக்கும் ரூட்டர். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். இணையத்தைத் தொடும் கருவி முதலில், அதன் பின் பேக்கப், அப்புறம் சர்வர், கடைசியில் மேசைக் கணினிகள். கேமரா பதிவுப் பெட்டியும் இணையத்தைத் தொடும் கருவிதான். வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டே இன்றும் இருந்தால், வீட்டில் உட்கார்ந்து முதலாளி பார்க்கும் அதே காட்சியை வேறு யாரும் பார்க்கலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கியது.

“நாம என்ன பேங்கா நடத்துறோம், நம்மளை யார் வந்து தாக்கப் போறாங்க?” என்பது இந்தத் தெருக்களில் கேட்கும் வழக்கமான கேள்வி. தாக்குகிறவருக்குத் திருமுல்லைவாயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இணையத்தில் உள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் நிரல்தான் திறந்த கதவைக் கண்டுபிடிக்கிறது. டேலி பார்ட்னரும் மெஷின் சர்வீஸ்காரரும் வெளியிலிருந்து வருவதற்கென்று 24 மணி நேரமும் திறந்து வைத்த ரிமோட் இணைப்பே அந்தக் கதவு. தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடுவதற்கும், பாஸ்வேர்டோடு கைப்பேசியில் இன்னொரு உறுதிப்பாடு கேட்பதற்கும் பைசா செலவில்லை. பேக்கப் விஷயத்திலும் அப்படியே. சர்வரோடு எப்போதும் இணைந்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டு நிரல் சர்வரோடு சேர்த்தே பூட்டிவிடும். ஒரு பிரதியாவது கழற்றி, வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து திருப்பி எடுத்துப் பார்க்கவும் வேண்டும். திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பிப் பயனில்லை.

இவ்வளவும் பட்டறைக்காரரின் கடமை. ஆனால் கதை அவரோடு முடிவதில்லை. 2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளில் 28 உற்பத்தி வரிசைகள் ஒரு நாள் முழுக்க நின்றன. டொயோட்டாவுக்குள் யாரும் நுழையவில்லை. அதற்கு பிளாஸ்டிக் பாகம் தரும் கொஜிமா இண்டஸ்ட்ரீஸ் தாக்கப்பட்டது. அதிலும் முதலில் நுழைந்தது கொஜிமாவின் துணை நிறுவனம் ஒன்று வைத்திருந்த ரிமோட் இணைப்புக் கருவியின் ஓட்டை வழியாக. ஏறத்தாழ 13,000 வண்டிகளின் உற்பத்தி அந்த ஒரு கருவியால் தள்ளிப்போனது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வண்டி தயாரிக்கும் நிறுவனங்கள் இந்தக் கணக்கைத் திருமுல்லைவாயிலுக்குப் பொருத்திப் பார்க்கட்டும்.

பெரிய நிறுவனங்கள் இப்போது செய்வது, சப்ளையருக்கு ஆங்கிலத்தில் நீண்ட கேள்விப்பட்டியல் அனுப்புவது. ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் சப்ளையர் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று டிக் அடித்து அனுப்புகிறார். இரு தரப்புக்கும் நிம்மதி, கதவு மட்டும் திறந்தே கிடக்கிறது. தரப் பரிசோதனைக்கு ஆள் அனுப்பி அளவெடுக்கும் நிறுவனம், நெட்வொர்க்குக்கு மட்டும் காகிதத்தை நம்புவது வேடிக்கை. ஆண்டுக்கு இரண்டு நாள் தன் இன்ஜினியரை அனுப்பி ரூட்டரையும் பேக்கப்பையும் சரிபார்த்துக் கொடுக்கட்டும்.

அரசும் விதி போடுவதோடு நின்றுவிட்டது. இணையப் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, பட்டியலில் சொன்ன இணையத் தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்; கருவிகளின் கடிகாரங்களை அரசு கடிகாரத்தோடு ஒத்து வைக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கும் இது 2022 செப்டம்பர் 25 முதல் பொருந்தும். விதி நியாயமானதே. ஆனால் இணைப்போடு இலவசமாக வந்த ரூட்டரில் 180 நாள் பதிவுக்கு இடம் ஏது? இருபது பேர் வேலை செய்யும் பட்டறை இதற்கென்று ஒரு நெட்வொர்க் இன்ஜினியரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. இருபது பட்டறைகள் சேர்ந்தால் முடியும். பதிவுகளுக்கான சர்வர், வேறு இடத்தில் பேக்கப், அழைத்தால் நடந்து வரக்கூடிய ஒரு இன்ஜினியர் ஆகிய மூன்றும் ஒரு பொது மையத்தில் அடங்கும். தொழிற்பேட்டைகளின் அடிப்படை வசதிக்கும் பொது வசதி மையங்களுக்கும் ஒன்றிய அரசின் எம்எஸ்இ-சிடிபி திட்டத்தில் மானியம் இருக்கிறது. இயந்திரங்களுக்கு மட்டுமே அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். வரைபடம் வரைய, ஒயருக்கு எண் ஒட்ட அம்பத்தூர் அரசு ஐடிஐ மாணவர்களும் ஆவடி முருகப்பா பாலிடெக்னிக் மாணவர்களும் பயிற்சியாக வரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்று இணைப்பு தரும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஒயரை மின்கம்பத்திலும் மரக்கிளையிலும் கட்டிக்கொண்டு வருகிறது. ஒரு கன்டெய்னர் லாரி உரசினால் தெருவே இருளும். மழைநீர் வடிகாலுக்கோ சாலைக்கோ சிட்கோவும் ஆவடி மாநகராட்சியும் அடுத்த முறை தோண்டும்போது, அதே பள்ளத்தில் ஃபைபருக்கென்று இரண்டு காலிக் குழாய்களையும் புதைக்க வேண்டும். டெண்டர் வெளிவந்த பின் அதைச் சேர்ப்பது கடினம். ஆகவே தொழிற்பேட்டைச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை இப்போதே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் வாங்கி வைக்க வேண்டும்.