சவாரிக்கு முன்னால் குதிரையைப் பாருங்கள்!

மே மாதம் பிறந்தால் போதும்... நம் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை ஆரம்பமாகிவிடும். கொடைக்கானலோ, ஊட்டியோ, எந்த மலைக்குப் போனாலும் பிள்ளைகள் நம் கையை உதறிக்கொண்டு ஓடுகிற இடம் ஒன்று உண்டு. ஏரிக்கரையில் குதிரைகள் நிற்கிற இடம்!

"அப்பா, அந்த வெள்ளைக் குதிரை! நான் அதுலதான் ஏறுவேன்!"

நீங்கள் என்ன செய்வீர்கள்? "ஒரு ரவுண்டு எவ்வளவுப்பா?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பேரம் பேசுவீர்கள். பிள்ளையைத் தூக்கி மேலே உட்கார வைத்துவிட்டு, போட்டோ எடுக்க செல்போனைத் தூக்கிவிடுவீர்கள். எல்லாம் சரி. ஒன்றை மட்டும் செய்திருக்க மாட்டீர்கள். அந்தக் குதிரையைப் பார்த்திருக்க மாட்டீர்கள்!

கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். பிள்ளையைப் பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற்றிவிடும் முன் டிரைவர் எப்படி என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். சின்ன மட்டக் குதிரையே 200 கிலோ இருக்கும். முழு வளர்ச்சி அடைந்த குதிரை என்றால் 400, 500 கிலோ. அதன் முதுகில் மட்டும் எதையும் பார்க்காமல் பிள்ளையை ஏற்றிவிடுகிறோம். இது நியாயமா?

நான் யாருக்கோ புத்தி சொல்லவில்லை. இந்தத் தப்பைச் செய்தவன் நான்தான்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு மலை ஊரில், என் தங்கை மகனை இப்படித்தான் ஏற்றிவிட்டேன். அவனுக்கு அப்போது ஏழு வயது. அந்தக் குதிரை காதைக் கழுத்தோடு ஒட்ட மடக்கி வைத்திருந்தது. முன்னங்காலால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. "என்ன கம்பீரம் பாரு!" என்று தங்கையிடம் சொன்னேன். பத்தடி போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு மோட்டார் பைக் ஹாரன் அடித்தது. குதிரை பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது. பையன் கீழே! காறை எலும்பு முறிந்தது. அவன் தலைக்கும் ரோட்டோரக் கல்லுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அந்த ஒரு சாணை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

குதிரைக்காரர் பதறிப்போனார். "இதுவரைக்கும் ஒரு தடவைகூட இப்படிப் பண்ணினதில்லை ஸார்!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குதிரை நம்மிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. அது பேசிய பாஷைதான் எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம்தான் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தப் பாஷையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

குதிரை ஏன் மிரள்கிறது?

குதிரை புல் தின்கிற பிராணி. காட்டில் அது மற்ற மிருகங்களுக்கு இரை. அதனால் ஆபத்து என்று தோன்றினால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாது. பின்னால் வந்து தட்டினால் உதைப்பது அதனால்தான். அது கெட்ட குணம் இல்லை, பயம். ஆகவே குதிரையிடம் போனால் தோள் பக்கமாக, அது பார்க்கும்படி, மெதுவாகப் பேசிக்கொண்டே போங்கள். பிள்ளைகளைப் பின்பக்கம் விடவே விடாதீர்கள்.

சாது யார், சண்டி யார்?

இரண்டு நிமிஷம் ஒதுங்கி நின்று பாருங்கள். போதும். காதுகள் தளர்ந்து இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கோபம். (கத்தியவாரி, மார்வாரி ஜாதிக் குதிரைகளுக்குக் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுவதுபோல் இருக்கும். அது பிறவி அழகு, கோபம் என்று குழம்ப வேண்டாம்.) ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் ஊன்றி நின்றால் ஓய்வாக இருக்கிறது என்று அர்த்தம். ஈயே இல்லாதபோதும் வாலைச் சுளீர் சுளீரென்று வீசினால் எரிச்சல். மிரண்டு கண்ணின் வெள்ளை தெரிய விழித்தால் பயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓய்ந்துபோன குதிரையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நிற்கும். அது சாது இல்லை, பாவம்! சாதுவான குதிரை நீங்கள் பேசினால் ஒரு காதையாவது உங்கள் பக்கம் திருப்பும். விலா எலும்பு துருத்திக்கொண்டு, கண்ணில் களையே இல்லாமல் நிற்கும் குதிரையை விட்டுவிடுங்கள்.

சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா, நொண்டுகிறதா என்றும் பாருங்கள். முதுகில் புண்ணோடு இருக்கும் குதிரை மீது பிள்ளையை உட்கார வைத்தால், அந்த வலி எப்போது துள்ளலாக மாறும் என்று யாருக்குத் தெரியும்? மூக்கில் சளியும் சீழுமாக வடிந்தால் கிட்டவே போக வேண்டாம். குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிற நோய்களும் உண்டு.

நிறத்தில் ஒன்றும் இல்லை. உயரமும் ஓட்டமும் பிள்ளைக்குத் தேவையே இல்லை. பத்து வயது தாண்டிய, தினமும் ஹாரன் சத்தத்தையும் கூட்டத்தையும் பார்த்துப் பழகிய மட்டக் குதிரைதான் முதல் சவாரிக்கு உத்தமம். குதிரைக்கு 25 வருஷம் வரை ஆயுள் உண்டு. ஆகவே பத்து வயது என்பது கிழம் இல்லை, பக்குவம்! பெண் குதிரையோ, காயடித்த ஆண் குதிரையோ நல்லது. காயடிக்காத ஆண் குதிரை வேண்டவே வேண்டாம்.

ஏறும் முன்...

வயிற்றுப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று குதிரைக்காரரையே ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை தளர்ந்தால் சேணத்தோடு பிள்ளையும் சரிந்துவிடும். அங்கவடி பிள்ளையின் காலுக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மேலே உள்ள வாரில் காலை நுழைத்துவிடுவார்கள். விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு இழுபட நேரும். அதனால் அதற்குச் சம்மதிக்காதீர்கள். ரப்பர் செருப்பு கூடாது, மூடிய ஷூ வேண்டும். தொங்குகிற துப்பட்டாவைக் கழற்றிவிடுங்கள்.

ஹெல்மெட் கேளுங்கள். குதிரைச் சவாரிக்கென்றே தனி ஹெல்மெட் உண்டு. அது கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து பிள்ளையின் சைக்கிள் ஹெல்மெட்டையாவது எடுத்துப் போங்கள். வெறும் தலைக்கு அது எவ்வளவோ மேல்.

"நானும் ஏறி மடியில வச்சுக்கறேனே..." என்கிற அம்மா அப்பாக்களுக்கு ஒரு கணக்கு. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் சுமக்கலாம் என்பது பொதுவான அளவு. 200 கிலோ மட்டக் குதிரைக்கு அது 40 கிலோ, சேணத்தையும் சேர்த்து! நீங்கள் எவ்வளவு கிலோ?

குதிரைக்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடி கூடவே நடக்க வேண்டும். ஓட்டம் கூடாது. இதற்கெல்லாம் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பிள்ளை பத்து நிமிஷம் அழும். அழட்டுமே!

"இப்படிப் பயந்தா புள்ளைக்கு எப்படித் தைரியம் வரும்?"

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தினமும் எத்தனையோ பேர் ஏறுகிறார்களே, என்ன ஆகிவிட்டது என்பார்கள். உண்மைதான், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஆகிவிட்டால்? சூப்பர்மேன் படத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் நன்றாகப் பழகிய சவாரிக்காரர். 1995-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு போட்டியில், தாண்ட வேண்டிய தடைக்கு முன்னால் அவருடைய குதிரை சட்டென்று நின்றுவிட்டது. தலைகுப்புற விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தும் கழுத்தில் அடிபட்டு, உடம்பு முழுக்கச் செயலிழந்தது. 2004-ல் இறந்துபோகும்வரை சக்கர நாற்காலிதான். பழகினவருக்கே அந்த கதி என்றால், ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

அதற்காகக் குதிரையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். ஏறவும் இறங்கவும் இன்னொருவர் உதவி வேண்டும். அப்படியும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். நல்ல குதிரை முதுகு, முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் மனசுக்கும் எவ்வளவு நல்லது என்பதற்கு அவர் ஒருவரே போதும். தைரியம் என்பது தெரிந்துகொண்டு ஏறுவது. தெரியாமல் ஏற்றிவிடுவதற்கு வேறு பெயர்!

குதிரைக்காரர்களையும் நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் வயிற்றுப்பாடு. நாம் வெள்ளைக் குதிரை கேட்டால் வெள்ளைக் குதிரை கொண்டுவருவார்கள். நாம் எல்லோரும் ஹெல்மெட் கேட்டால் ஹெல்மெட் கொண்டுவருவார்கள். கேட்க வேண்டியது நாம்தான்.

தோட்டம் துரவு இருக்கிறது, பிள்ளைகளுக்குக் குதிரையே வாங்கிவிடலாமா என்று யோசிக்கிற குடும்பங்களும் உண்டு. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் நடக்கிற குதிரைச் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஆசைப்பட்ட அன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். முதலில் குடும்பத்தில் இரண்டு பேராவது சில மாதம் சவாரி பழகுங்கள். வாங்கப் போகும்போது விவரம் தெரிந்த ஒருவரையும், கால்நடை டாக்டரையும் கூட்டிப் போங்கள். விற்பவரையே முதலில் ஏறிக் காட்டச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள். முதல் நாள் நன்றாக ஓடவிட்டுக் களைக்கவைத்த குதிரையும் சாதுவாகத்தான் தெரியும்.

விழுந்துவிட்டால்...

உடனே வாரித் தூக்காதீர்கள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துவிட்டது என்றால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து நடந்தாலும் அடுத்த ஒரு நாள் முழுக்கக் கண்காணியுங்கள். வாந்தி, அசாதாரணமான தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போன்ற திரவம் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி! குதிரைச் சாணத்திலும் அது விழுந்த மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும். ஆகவே சின்னச் சிராய்ப்பானாலும் கழுவிவிட்டு, தடுப்பூசி பாக்கி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். 5 வயதிலும், 10, 16 வயதுகளிலும் போட வேண்டியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குதிரை கடித்துவிட்டால் சோப்பும் ஓடுகிற தண்ணீருமாக 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரேபீஸ் நாய்க்கு மட்டும் வருவதில்லை.

என் தங்கை மகன் இன்று நன்றாக இருக்கிறான். போன வருஷம் மறுபடி குதிரை ஏறினான். இந்தத் தடவை அவனே குதிரையைச் சுற்றிப் போகாமல், தோள் பக்கம் நின்று காதைப் பார்த்தான். "மாமா, இது வேண்டாம். அந்தப் பழுப்புக் குதிரை தூங்கி வழியுது பாருங்க, அதுல ஏறறேன்" என்றான். எனக்கு அவன் ஒலிம்பிக்ஸ் பதக்கம் வாங்கின மாதிரி இருந்தது!

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள் பெரியவர்கள். நிஜக் குதிரையையும் பார்க்காமல் நம்பாதீர்கள். இந்த லீவுக்கு மலைக்குப் போகிறீர்களா? சந்தோஷமாகப் போய்வாருங்கள். அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.