பூச்செடிக் கடைகளுக்குப் பின்னால் ஓர் ஊர்

கிள்ளான் பள்ளத்தாக்கில், செடி வாங்க ஒரு முறையாவது சுங்கை பூலோவுக்குப் போகாத குடும்பங்கள் குறைவு. துளசி, மல்லிகை, கறிவேப்பிலை என்று காரின் பின்பக்கத்தை நிரப்பிக்கொண்டு திரும்புகிறோம். அந்தக் கடைகள் அங்கே வந்த கதை பலருக்குத் தெரியாது.

1930-இல் அங்கே திறக்கப்பட்டது தொழுநோயாளர் குடியிருப்பு. நோய் கண்டவர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டம் இருந்த காலம் அது. சிறைபோல் அடைக்காமல், மனிதர்கள் வாழும் ஊராக அமைய வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். அதனால் பச்சைப் பள்ளத்தாக்கில், தோட்டத்தோடு கூடிய சிறு சிறு வீடுகள் எழுந்தன. பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் இருந்தன. சிறைச்சாலையும் இருந்தது. உள்ளே மட்டும் செல்லும் தனிப் பணமும் இருந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என எல்லோரும் அங்கே வாழ்ந்தார்கள். ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஊர் அழகுதான். ஆனால், அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

பிறகு மருந்து வந்தது, நோய் குணமானது. வெளியே போகலாம் என்றார்கள். ஆனால் பலருக்குப் போக வீடில்லை. உறவுகள் கதவைச் சாத்திவிட்டன. தங்கியவர்கள் பிழைப்புக்காகப் பூச்செடி வளர்த்தார்கள். இன்று நாம் பேரம் பேசும் கடைகளுக்கு அதுவே வேர்.

குடியிருப்பின் பயன்பாடும் மாறிக்கொண்டே வந்தது. அருகே 2006-இல் எழுந்த சுங்கை பூலோ மருத்துவமனை, கோவிட் காலத்தில் நாடே நம்பியிருந்த இடமானது. 2007-இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் வந்தது. எஞ்சிய பகுதி, 2019-இல் யுனெஸ்கோ மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

மருத்துவமனையும் கல்லூரியும் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இங்குள்ள பழைய வீடு வெறும் கட்டடமல்ல. குடும்பம் கைவிட்டவர்களுக்கு அதுதான் குடும்பம். அடுத்த முறை என்ன கட்டலாம் என்று திட்டமிடுபவர்கள், உள்ளே இன்னும் வாழும் முதியவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். செடி வாங்கிய கையோடு, அங்குள்ள 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' கதைக்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். வீட்டு வாசலில் பூக்கும் செடி யார் கையில் வளர்ந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.