ரிப்போர்ட் நார்மல் என்றால் வலி பொய்யா?

"காலைல எழுந்திருக்கும்போதே யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு!" இந்த வார்த்தையைச் சொல்லாத பெண் நம் வீடுகளில் உண்டா? நானும் சொன்னேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, மூன்று வருடம். அதற்கு எனக்குக் கிடைத்த பதில்கள்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தன.

நான் பத்தாவது வரை படித்தவள். வயது 36. வீட்டுக்காரர், மாமியார், மகன், மகள் என்று அளவான குடும்பம். இரண்டு மாடு, கொஞ்சம் மக்காச்சோளக் காடு. இன்று கழுத்தில் வலித்தால் நாளை இடுப்பில் வலிக்கும், மறுநாள் தோளில் நிற்கும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. அடுப்படிக்குள் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பேன். ஒரு பை துணி துவைத்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள், மூட்டுவாதத்துக்கும் ரத்தம் எடுத்தார்கள். "எல்லாம் நார்மல். உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் வீட்டுக்கு வந்தபோது அது வேறு மாதிரி ஆகிவிட்டது! "டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. இவளுக்கு வேலை செய்ய வணங்கல" என்று பேச்சு கிளம்பியது. வலியை விட அந்தச் சொல்தான் அதிகம் வலித்தது.

அந்த நேரம் பார்த்துதான் உறவுக்காரப் பெண் ஒருத்தி சத்துமாவு டப்பாவோடு வந்தாள். "மூணே மாசத்துல குதிரை மாதிரி ஆயிடுவீங்க அக்கா" என்றாள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயும், பால் காசில் ஒளித்து வைத்ததும் அந்த டப்பாவுக்கே போயின. மூன்று டப்பா முடிந்தது. குதிரை ஆகவில்லை, கடன்காரிதான் ஆனேன்! நடுநடுவே மெடிக்கல் கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரையில் வயிறும் புண்ணானது.

கடைசியில் என் வீட்டுக்காரரே ரயிலேற்றி சேலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு டாக்டரம்மா அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள். "எத்தனை மாசமா வலி? எங்கெங்கே? எழுந்திருக்கும்போது தூங்கின மாதிரி இருக்கா?" மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்விகள்! நான் அழுதே விட்டேன்.

அவர்கள் சொன்ன பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்க வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதும், தீராத அசதியும், தெளியாத தூக்கமும், மறதியும் இதன் அடையாளங்கள். ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம் வருகிறதாம். எக்ஸ்ரேயிலும் ரத்தத்திலும் இது தெரியாது. வாய்ப்புண் இருப்பவளுக்குக் கொஞ்சம் காரமும் நெருப்பாய் எரிகிறதே, அது மாதிரி மூளையும் நரம்பும் சின்ன வலியைக் கூடப் பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. வலி பொய் அல்ல. எலும்பும் மூட்டும் கெட்டுப் போவதும் இல்லை. இந்த இரண்டு வார்த்தையே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது.

அதோடு விடாமல் ரத்த அளவு, தைராய்டு, பி12, வைட்டமின் டி எல்லாம் பார்க்கச் சொன்னார்கள். அசதிக்கு வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா? எனக்கு ஹீமோகுளோபின் 9 தான்! வைட்டமின் டியும் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. நாம் எதை எதையோ தேடி அலைகிறோம்!

இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காமல் போட்டேன். டி மாத்திரையை டாக்டரம்மா சொன்ன கணக்கில்தான் சாப்பிட்டேன். அது அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். தலைசுற்றலும் மூச்சிரைப்பும் நின்றன. ஆனால் உடம்பு வலி முழுதாகப் போகவில்லை. இல்லாத சத்தைக் கொடுத்தால் பலன் உண்டு, இருக்கிற சத்தின் மேலேயே கொட்டினால் காசுதான் நஷ்டம். ஃபைப்ரோமயால்ஜியாவைத் தீர்க்கும் டப்பா எதுவும் கிடையாது.

பிறகு எது உதவியது? தினம் நடப்பது. 2016-ல் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் சங்கம் இந்த நோய்க்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். பத்து நிமிடத்தில் ஆரம்பித்தேன். அரை மணி நேரத்துக்கு வர ஐந்து மாதம் ஆனது. "நாள் பூரா வேலைதானே செய்யறே, அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது! குனிந்தபடியே பாத்திரம் தேய்ப்பதும், கை வீசி நடப்பதும் ஒன்றாகாது.

நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். உடம்பு கொஞ்சம் தேவலை என்றால் அன்றைக்கே போர்வை எல்லாம் துவைத்து, வீட்டை ஒட்டடை அடித்து முடிப்பேன். அப்புறம் மூன்று நாள் படுக்கை! இப்போது நல்ல நாளிலும் பாதி வேலைதான், மோசமான நாளிலும் கொஞ்சம் வேலை உண்டு. ராத்திரி பத்து மணிக்கு செல்போனும் சீரியலும் முடிந்துவிடும்.

இதெல்லாம் சொல்வது சுலபம். ஐந்து மணிக்கு மாடு, ஆறு மணிக்குத் தண்ணீர், எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடை என்று ஓடுகிறவளுக்கு நடக்க ஏது நேரம்? அதனால்தான் சொல்கிறேன், இந்த நோய்க்கு மருந்து அவளிடம் மட்டும் இல்லை, வீட்டிலும் இருக்கிறது. இப்போது பால் கறப்பது வீட்டுக்காரர். தண்ணீர்க் குடம் மகனுடைய பொறுப்பு. "ஆம்பளப் பிள்ளைய குடம் தூக்க விடறியா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். என் மகளை மட்டும் தூக்கச் சொன்னால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்!

முதலில் முணுமுணுத்த மாமியார், ஒரு நாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்கள்: "உன் வயசுல எனக்கும் இப்படித்தான் வலிச்சுது. யார்கிட்ட சொல்றது? சாணி தட்டிக்கிட்டே அழுவேன்." அன்றோடு எங்கள் சண்டை முடிந்தது.

எனக்கு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. மாதத்தில் நாலைந்து நாள் முடியாமல்தான் போகிறது. ஆனால் அந்த நாட்களில் "முடியல" என்று வெட்கப்படாமல் சொல்கிறேன், வீட்டில் நம்புகிறார்கள்.

தோழிகளே, மூன்று மாதத்துக்கு மேல் வலியும் அசதியும் இருந்தால் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் முதலில் ரத்தம் பாருங்கள். ரிப்போர்ட் நார்மல் என்றால் உங்கள் வலி பொய் என்று அர்த்தமில்லை. வீட்டுப் பெரியவர்களே, ஆண்களே, "சும்மா நடிக்கிறா" என்று சொல்வதற்கு முன், "எங்கே வலிக்குது?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

– ஒரு வாசகி, சின்னசேலம்.