ஜெர்சி இருக்கு, மெடலும் இருக்கு... இன்ஜினீயரிங் சீட் கிடைக்குமா?

திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் ஜெர்சியும் டிராக் பேன்ட்டும் டஜன் கணக்கில் வாங்கலாம். வெளியூர்க்காரர்கள் வந்து மூட்டை மூட்டையாக எடுத்துப் போகிறார்கள். ஆனால் இதே பனியன் ஊரில், பிள்ளை பிளஸ் ஒன் சேர்ந்ததும் ஷூவும் ராக்கெட்டும் பரணுக்குப் போய்விடும். "ரெண்டு வருஷம் ஒழுங்கா படி, அப்புறம் விளையாடிக்கலாம்." பல வீடுகளில் இதுதான் தீர்ப்பு.

தப்பான தீர்ப்பா? கணக்குப் போட்டுப் பார்த்தால், முழுசாகத் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

கட்-ஆஃபில் விளையாட்டுக்கு இடம் உண்டா?

இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அவ்வளவுதான். மாநில அளவில் கபடி ஆடியவருக்கும் மைதானத்தையே பார்க்காதவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். அரை மார்க் குறைந்தாலே ரேங்க் நூற்றுக்கணக்கில் இறங்கும் போட்டி இது. அப்படியிருக்க, பயிற்சிக்குப் போகும் இரண்டு மணி நேரத்தைப் பெற்றோர் டியூஷனுக்குத் திருப்பிவிடுவதில் ஆச்சரியம் இல்லை. பள்ளிகளும் அதைத்தான் செய்கின்றன. பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் 'கடன்' வாங்குவது எவ்வளவு சகஜம் என்றால், அப்படி வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

பக்கத்து மாநிலமான கேரளாவில் கதை வேறு. அங்கே கலோத்சவத்திலும் விளையாட்டிலும் சாதித்தால் பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு 'கிரேஸ் மார்க்' சேரும். வாளையாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் அந்த வசதி கிடையாது.

அப்ப ஸ்போர்ட்ஸ் கோட்டா?

அது இருக்கிறது, ஆனால் தனி வாசல், அதுவும் குறுகலானது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். மொத்த இடங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதாவது ஆயிரத்துக்கு மூன்று இடம்கூடத் தேறுவது சந்தேகம். எம்.பி.பி.எஸ். என்றால் மாநிலம் முழுக்க 7 இடங்கள்தான், அதற்கும் முதலில் நீட் தேற வேண்டும்.

இந்த வாசலில் பலர் தடுக்கி விழும் இடம், சான்றிதழ். பள்ளிப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி என்று படிப்படியாகப் போகும். குறுவட்டத்தில் ஜெயித்த கோப்பை வீட்டு ஷோகேஸுக்கு அழகு, கலந்தாய்வில் அதை வைத்து நகர முடியாது. மாநிலம், தேசம், சர்வதேசம் என்று மேலே ஏற ஏறத்தான் மதிப்பெண் கூடும்.

'நேஷனல் லெவல்' என்று பேனர் கட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வந்த எல்லோருக்கும் மெடல் மாட்டி அனுப்பும் தனியார் போட்டிகளும் இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட சங்கமோ கூட்டமைப்போ நடத்தாத போட்டியின் சான்றிதழ், சரிபார்ப்பு மேசையில் வெறும் காகிதம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசில் பயண டிக்கெட் எடுத்து அனுப்பிய குடும்பத்துக்கு இது கலந்தாய்வு நாளில் தெரியவருவது கொடுமை.

ஐ.ஐ.டி. திறந்த ஜன்னல்

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2024-25 கல்வியாண்டில், நாட்டிலேயே முதல் ஐ.ஐ.டி.யாக, விளையாட்டுச் சாதனையாளர்களுக்குத் தனிச் சேர்க்கையைத் தொடங்கியது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. கடந்த 4 ஆண்டுகளில் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும். 2025-26-ல் பாட்டு, நடனம் போன்ற கலைகளுக்கும் இதே மாதிரி ஒரு வழி வந்தது. ஆனால் இரண்டுக்குமே ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் ரேங்க் பட்டியலுக்குள் வந்தாக வேண்டும். அங்கேயும் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட முடியாது.

எல்லா இடத்திலும் விளையாட்டுக்கு மார்க் போட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பெரிய பல்கலைக்கழகங்கள் மார்க்கோடு விளையாட்டு, கலை, சேவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சீட் கொடுக்கின்றன. 2019-ல் 'வர்சிட்டி ப்ளூஸ்' ஊழல் வெடித்தபோது, படகுப் போட்டியில் துடுப்பே போடாத பிள்ளைகளைப் பணக்காரப் பெற்றோர் வீரர்களாகக் காட்டியது வெளியே வந்தது. யேல், ஸ்டான்போர்டு பயிற்சியாளர்கள்கூட மாட்டினார்கள். கட்-ஆஃப் ஈவிரக்கம் இல்லாததுதான், ஆனால் அதை விலைக்கு வாங்குவது கஷ்டம். செக்கிங் டேபிளில் நிற்கும் அம்மாவின் மகளுக்கு, ஸ்விம்மிங் கோச் வைக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளையோடு போட்டி போட அந்த 200 மார்க் கணக்குதான் ஓரளவு சமமான மைதானம். டியூஷனுக்கும் காசு வேண்டும் என்பது உண்மைதான், அதனால்தான் 'ஓரளவு'.

அந்த மகள் 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவைவிட 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பெரிய வாசல். மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. இதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. சான்றிதழ் இருந்தால் விளையாட்டுப் பிரிவிலும் சேர்த்தே முயற்சி செய்யலாம்.

கலை, அறிவியல் படிப்பு போதும் என்பவர்களுக்குக் கதவு இன்னும் கொஞ்சம் அகலம். அரசுக் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவில் விளையாட்டும் உண்டு. கோவை வட்டாரத் தனியார் கல்லூரிகள் சில, டீமுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே 'செலக்ஷன்' வைத்து, நன்றாக ஆடுபவர்களுக்கு ஃபீஸிலும் ஹாஸ்டலிலும் சலுகை தருகின்றன. இங்கே சான்றிதழோடு ஆட்டத்தையும் பார்ப்பார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதால், டிகிரி முடிந்த பிறகும் அந்த மெடலுக்கு வேலை இருக்கிறது.

ஆக, பிளஸ் டூவில் "ஸ்போர்ட்ஸ் கோட்டா ட்ரை பண்ணலாமா" என்று யோசிப்பது ரொம்ப லேட். எட்டாவது, ஒன்பதாவதிலேயே பிள்ளை மாவட்டத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் எந்தப் போட்டி செல்லும், எது செல்லாது என்று கேட்டுக்கொள்வது நல்லது. தாண்டாவிட்டாலும் சாயங்காலம் விளையாட விடலாம், சீட்டுக்காக மட்டும் யாரும் ஓடுவதில்லையே!

விண்ணப்பிக்கும்போதே விளையாட்டுப் பிரிவைத் தேர்வு செய்ய மறக்க வேண்டாம். சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.